ஆள் இல்லை

தை பிறந்தும் மழை விடவில்லை.
கைத்தொலைபேசி சொல்கிறது: இருபத்திரண்டு பாகை.
எட்மண்டனில் இருக்கும் மச்சான் கேட்டால்
சட்டையைக் கழற்றிவிட்டுச் சிரிப்பான்.
இங்கே, கிண்ணியாப் பாலத்துக்குக் கீழே,
காதுக்குள் பஞ்சு, தலைக்கு மேல் யூரியாச் சாக்கு,
அதற்கும் மேல் வாடைக்காற்று.

நான் ஐஸ் கம்பனிக்காரன்.
வருடம் முழுக்க ஐஸ் பார் சுமந்த தோள் இது.
இருந்தும் பல் கிட்டுகிறது.

கடல் ஆறு கிழமையாய்க் கலங்கிக் கிடக்கிறது.
வள்ளங்களெல்லாம் கரையில் குப்புறப் படுத்திருக்கின்றன.
ஐஸ் கேட்டு யாரும் வருவதில்லை.
முதலாளி பழைய கொப்பியைத் திறந்தார்:
ஜவாஹிர், நாற்பத்தாறு பார்.
"காசைக் கையோட வாங்கிக்கொண்டு வா."
விடியமுதல் போனால்தான் ஆளைப் பிடிக்கலாம் என்றார்.

பிடித்தேன்.
மூன்றாவது தூணடியில் தூண்டிலோடு குந்தியிருந்தான்.
என் முகத்தை டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தான்.
கொப்பியையும் பார்த்தான்.
"சத்தம் போடாத," என்றான்,
"கீழ செல்வன் நிக்கிது."

செல்வன்!
காசில்லாத மாதத்தில் பிடிபடும் மீனுக்கு
யார் வைத்த பெயரோ.
உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு,
கவனமில்லாத கைக்கென்றே முதுகில் ஒரு வரிசை முள்.

மகாவலி மலைநாட்டு மண்ணை அள்ளிவந்து
மேலே தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது.
உப்பு அடியில். இருக்கிற கொஞ்சச் சூடும் அடியில்.
மீன்களும் அங்கேதான், தூணை ஒட்டி,
கடன்காரன் வாசலில் நிற்கும்போது
வீட்டுக்குள் மூச்சுவிடாமல் இருப்பவர்கள்போல.
வத்து முடிந்து பெருக்குத் தொடங்குமுன்
ஒரு சின்ன இடைவெளி. அப்போதுதான் வாய் திறக்குமாம்.
எங்கள் கடல் ஏறி இறங்குவது
இரண்டு முழம்கூட வராது.
அதற்காகக் காத்திருந்தோம்.

சும்மா இருந்த என் கைக்கு ஒரு தங்கூசியைத் தந்தான்.
இரை, மஞ்சள் குழைத்த கோதுமை மா, பயறளவு.
மிதப்பு, மகளின் பழஞ்செருப்பில் வெட்டிய நீலத் துண்டு.
அதில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் பாதி.

அது தாழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
சித்திரையில் அப்படித்தான், இழுத்துக்கொண்டு ஓடும்.
மூன்று முறை இரை போனது.
மிதப்பு ஒருமுறையும் தாழவில்லை.
ஜவாஹிர் ஆற்றைப் பார்த்துச் சிரித்தான்.

நான்காவது முறை
பாதி வண்ணத்துப்பூச்சி மெல்லச் சாய்ந்து
தண்ணீரில் படுத்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
விரலில் இருந்த ஈயத்தின் பாரம் மட்டும்
இல்லாமல் போனது.
கீழே ஏதோ ஒன்று அதைத் தூக்கிப் பிடித்திருந்தது,
கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கிறேன் என்பதுபோல.

இழுக்க மறந்துபோனேன்.

"டேய்!"

வந்தது. செதில் கிழித்து விரலில் இரத்தம்.
ஐஸ் தூக்கிய கைக்கு அந்த மீன்
சூடாகத்தான் இருந்தது.

பிறகு பத்து நிமிடத்தில் ஒன்பது. இருவருக்குமாக.
பள்ளியில் சுபஹு பாங்கு சொல்லி முடிய
பெருக்கு நிமிர்ந்தது, கண்டல் வேர்கள் நனைந்தன,
ஆறு வாயை மூடிக்கொண்டது.

"மாசியில வள்ளம் இறக்கிருவன்," என்றான்.
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.
கொப்பி சாக்குக்குள் ஊறி
நாற்பத்தாறில் நாலு கரைந்து, ஆறு மட்டும் தெரிந்தது.
ஐந்து மீனை ஈர்க்கில் கோத்து
சைக்கிள் ஹாண்டிலில் அவனே கொழுவிவிட்டான்.
"மொதலாளிக்கு ரெண்டு. வட்டியெண்டு சொல்லாத."

ஆலங்கேணிச் சந்திவரை
அவை என் முழங்காலில் வாலால் அடித்துக்கொண்டு வந்தன.
ஐஸ் தேவைப்படவில்லை.

கம்பனியில் கொப்பியைக் காயவைத்து
அவன் பெயருக்கு நேரே எழுதினேன்:
போனேன். ஆள் இல்லை.
நாளை காலை ஐந்து இருபதுக்குத்
திரும்பப் போக வேணும்.

கரைந்த நாலை
பேனையால் திரும்ப எழுதினேன்.
கை நடுங்கியது, குளிரில்.